ஆட்சேபனைக் கடிதத்தைப் படிக்கும் முறை: இங்கிலாந்தில் கட்டட அனுமதியும் அண்டை வீட்டாரும்

இங்கிலாந்தில் ஒருவர் தமக்குச் சொந்தமான நிலத்திலும் புதிய கட்டடம் எழுப்ப உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்னும் விதி, 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தால் நிலைபெற்று, இன்று அதே பெயருடைய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நடைமுறையில் உள்ளது. அங்கு வாழும் தமிழர் பேச்சில் ‘பிளானிங் பெர்மிஷன்’ என்றே வழங்கும் இந்தத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் பதிவானதும், மன்றம் அண்டை வீட்டாருக்குக் கடிதம் அனுப்பியோ மனையருகே அறிவிப்பு ஒட்டியோ கருத்துக் கேட்டு, அதற்கு 21 நாள் அவகாசம் தருகிறது. அந்த நாள்களில் வந்து சேரும் எதிர்ப்புக் கடிதங்களே ஆட்சேபனைகள். அவற்றைப் பகைமையாகக் கொண்டு மனம் கசந்துபோகும் விண்ணப்பதாரர், தம் வரைபடத்தின் குறையை முடிவு வெளியாகும் முன்பே அறிந்து திருத்தும் வாய்ப்பை இழந்துவிடுகிறார் என்பது இத்துறையில் உழன்றவர்கள் பட்டறிந்த உண்மை.

கடிதத்தைப் படிக்கும்போது முதலில் செய்ய வேண்டியது, சட்டம் காதுகொடுக்கும் காரணத்தையும் கொடுக்காத காரணத்தையும் பிரித்தெடுப்பதாகும். மன்றம் தன் பகுதிக்கென வகுத்துள்ள வளர்ச்சித் திட்டத்தின்படியே முடிவெடுக்க வேண்டும். அதிலிருந்து விலக வேண்டுமானால், நிலப் பயன்பாட்டைச் சார்ந்த, கருத்தில் கொள்ளத்தக்க வேறு காரணம் இருக்க வேண்டும். வெளிச்சம் குறைதல், அந்தரங்கம் கெடுதல், இரைச்சல், போக்குவரத்துப் பாதுகாப்பு, தெருவின் தோற்றத்தோடு பொருந்தாமை ஆகியவை அத்தகைய காரணங்கள். வீட்டின் விலை குறையும் என்பதும், சாளரத்தின் வழித் தெரிந்த காட்சி மறையும் என்பதும் பொதுவாக அவற்றுள் அடங்கா. காட்சி இன்பத்தை இழந்ததற்காக வழக்காட இயலாது என்னும் கருத்து, உரிமையியல் சட்டத்தில் 1610ஆம் ஆண்டின் ஆல்ட்ரெட் வழக்கிலேயே இடம்பெற்ற பழமையுடையது. எண்ணிக்கையாலும் எடை கூடுவதில்லை: ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட நூறு கடிதங்களைவிட, தம் சமையலறைச் சாளரத்திற்கும் புதிய சுவருக்கும் உள்ள தொலைவை அளந்து எழுதிய ஒருவரின் கடிதமே அதிகாரியை நிறுத்தி யோசிக்க வைக்கும்.

ஆனால் சட்டம் கேளாத காரணத்தை விண்ணப்பதாரரும் கேளாதிருப்பது தவறு. அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி அளிக்கப்பட்டால் ஆட்சேபித்தவருக்கு அவ்வுரிமை இல்லை, முடிவெடுத்த முறையில் சட்டப்பிழை இருந்தால் மட்டுமே ஆறு வாரத்திற்குள் நீதிமன்ற மறுஆய்வை நாடலாம். தம் குரல் ஒலிக்கக்கூடிய காலம் இவ்வளவு குறுகியது என்பதனால்தான் அண்டை வீட்டார் தமக்குத் தோன்றிய அச்சங்களையெல்லாம் அந்த ஒரே கடிதத்தில் கொட்டுகின்றனர். விண்ணப்பத்திற்கு முன்பே வரைபடத்தோடு அவர்கள் வாசலுக்குச் சென்று, எத்தனை மாதம் வேலை நடக்கும், பாரவண்டி எங்கே நிற்கும், வேலி யாருடையது என்று விளக்கியவர்களுக்கு அத்தகைய கடிதங்கள் குறைவாகவே வருகின்றன. அறிவிப்பு ஒட்டிய பின்னர் செல்லும் பயணம் அதே பயனைத் தருவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிய ஆட்சேபனைக்கு அளவாலேயே விடையளிக்க வேண்டும். எதிர்வீட்டின் கீழ்த்தளச் சாளரத்தின் நடுப்புள்ளியிலிருந்து 25 பாகைக் கோணத்தில் மேல்நோக்கி ஒரு கோடு வரைந்து, புதிய கட்டடம் அக்கோட்டுக்குக் கீழேயே அடங்கினால், பொதுவாகப் பகல் வெளிச்சம் போதிய அளவு எஞ்சும் எனக் கொள்வர். கோட்டைத் தாண்டினால், சாளரத்திலிருந்து தெரியும் வானத்தின் பங்கை விழுக்காட்டில் கணக்கிடும் அறிக்கை தேவைப்படும். அப்பங்கு 27 விழுக்காட்டுக்கும் குறைந்து, முன்பிருந்ததில் ஐந்தில் நான்கு பங்கையும் எட்டாமற் போகுமானால், வெளிச்சக் குறைவு கண்ணுக்குப் புலப்படும் என்பது கட்டட ஆய்வு வழிகாட்டிகள் ஏற்ற அளவுகோல். இதனோடு ‘ஒளியுரிமை’ என்பதைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஒரு சாளரம் 20 ஆண்டு தடையின்றி ஒளி பெற்றால் 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறக்கக்கூடிய அவ்வுரிமை, திட்ட அனுமதி கிடைத்த பின்னரும் நீதிமன்றத்தில் தனியே உயிரோடிருக்கும்.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, எதிரெதிர்ச் சாளரங்களுக்கிடையே ஏறத்தாழ 21 மீட்டர் இடைவெளியைப் பல மன்றங்கள் எதிர்பார்க்கின்றன. இடம் போதாதபோது, தளத்திலிருந்து 1.7 மீட்டர் உயரம் வரை திறவாத மங்கல் கண்ணாடி பொருத்துவதே எளிய தீர்வு.

வீட்டைக் காட்டிலும் கோயில், சமூகக் கூடம் போன்றவற்றுக்கே ஆட்சேபனை மிகக் கடுமையாக எழுகிறது. தமிழர் அமைப்புகள் நன்கு கற்க வேண்டிய இடமும் இதுவே. இதற்கு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் லெச்மோர் ஹீத் கிராமத்திலுள்ள பக்திவேதாந்த மாளிகை சிறந்த சான்று. இசைக்கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் ஹரே கிருஷ்ண இயக்கத்திற்கு அளித்த அம்மாளிகைக்குத் திருவிழா நாள்களில் ஆயிரக்கணக்கானோர் வரத் தொடங்க, குறுகிய தெருக்களில் வாகன நெரிசல் பெருகி, பொது வழிபாட்டை நிறுத்தக் கோரும் அமலாக்க அறிவிப்பு 1987இல் வெளியானது. வழக்கு, மேல்முறையீடு, ஊர்வலம் எனப் பல ஆண்டு நீண்ட அந்தப் போராட்டம், கிராமத்தைத் தொடாத தனி அணுகுசாலை அமைக்கும் திட்டத்திற்கு 1996இல் அமைச்சர் அனுமதி அளித்தபோதே தீர்ந்தது. வழிபாட்டு உரிமையைப் பற்றிய விவாதமாகப் பேசப்பட்ட ஒன்றை முடித்துவைத்தது ஒரு சாலை என்பதை நிதி திரட்டும் ஒவ்வொரு கோயில் குழுவும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எங்கள் அடியார்கள் பேருந்தில் வருவார்கள்’ என்னும் உறுதிமொழியை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். தேர்த் திருவிழாவுக்கும் சாதாரண வெள்ளிக்கிழமைக்கும் வருவோர் தொகையைத் தனித்தனியே கணக்கிட்டு, நடந்துவரும் தொலைவுக்குள் வாகனம் நிறுத்த எத்தனை இடம் வெறுமையாக உள்ளது என்பதை வழிபாட்டு நேரத்திலேயே எண்ணி, மேளம், நாதஸ்வரம் ஒலிக்கும் நேரத்தையும் கதவுகளின் ஒலித்தடுப்பையும் எழுத்தில் தரும் குழுவே நம்பிக்கை பெறுகிறது.

பதில் எழுதும்போது ஆட்சேபித்தவரோடு வாதாடாமல், காரணங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் வரைபட எண்ணைச் சுட்டி அதிகாரிக்கு எழுதுவதே முறை. திருத்த முடிந்ததைத் திருத்தி, முடிவுக்கான எட்டு வாரக் கெடுவை நீட்டிக்க இசைந்தால், மறுப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு மிகும். விண்ணப்பம் உறுப்பினர் குழுவின் முன் செல்லுமானால், பேசுவதற்குப் பெரும்பாலும் மூன்று நிமிடமே கிடைக்கும். அதைக் குடும்பத் தேவையைச் சொல்வதில் செலவிடாமல், மாற்றிய அளவுகளைச் சொல்லப் பயன்படுத்துவதே நன்று. அனுமதியோடு வரும் நிபந்தனைகளில் பல, ஆட்சேபனைக் கடிதங்களிலிருந்தே பிறந்தவை. அவற்றை மீறினால் முதலில் மன்றத்திற்குத் தெரிவிப்பவரும் அதே அண்டை வீட்டாராகவே இருப்பார் என்பதால், வேலை தொடங்கும் நாளையும் வேலை நேரத்தையும் கட்டுமான மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணையும் குறித்த ஒரு தாளை, எதிர்த்தவர் வீட்டில் முதலாவதாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.