இறைச்சியின் நேரமும் கிழங்கின் நேரமும்: வார நாள் இரவுக்கு ஒரு மாட்டிறைச்சித் தம்

பாக் நீரிணைக் கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள கோட்டைப்பட்டினம் மீன்பிடித் துறை உள்ள ஊராகையால், அங்கே அன்றாட ஆணம் எதுவென்பதைப் பெரும்பாலும் கடலே தீர்மானிக்கிறது. ஆணம் என்பது இக்கரையோர முஸ்லிம் இல்லங்களில் குழம்புக்கு வழங்கும் பெயர். எனினும், மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருப்பதாலும், அக்காலத்தில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே கிடைத்து விலை ஏறிவிடுவதாலும், அடுப்பில் மீனின் இடத்தை இறைச்சி எடுத்துக்கொள்ளும் நாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அத்தகைய நாள்களில், மாலை வேலைகள் முடிந்து மஃரிபுத் தொழுகைக்கும் இஷாத் தொழுகைக்கும் இடையிலான குறுகிய பொழுதுக்குள், மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் ஒரே சட்டியில் சேர்த்து நிறைவான இரவு உணவைச் சமைப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மேலைநாட்டினர் கேசரோல் என்றழைக்கும் உணவு இதற்கு நெருங்கிய உறவுடையது. இறைச்சியையும் கிழங்கையும் மூடிய கலத்தில் அடுக்கி, நாற்புறமும் வெப்பம் சூழும் ஓவனில் மெதுவாக வேகவைத்து, கலத்தோடு அப்படியே மேசைக்குக் கொண்டுவருவது அதன் முறை. ஆட்டிறைச்சியின் மேல் கிழங்கு வில்லைகளை அடுக்கும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஹாட்பாட் இவ்வகையில் புகழ்பெற்றது. ஓவன் இல்லாத சமையலறைக்கு இது எட்டாத உணவு என்று கருதத் தேவையில்லை, ஏனெனில் விருந்துக்குப் பிரியாணி சமைக்கும் பண்டாரிகள் மூடியின்மேல் தணலைப் பரப்பிக் கீழும் மேலும் ஒரே அளவில் வெப்பம் கொடுத்துப் போடும் தம், அதே வேலையைச் செம்மையாகச் செய்துவிடுகிறது.

ஆயினும் மேலைநாட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றுவோர் ஏமாற்றமடைவதற்கு அடுப்பைவிட இறைச்சியே பெரிய காரணம். அங்கே கடைகளில் விற்பது பெரும்பாலும் இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்டு இளவயதில் அறுக்கப்பட்ட மாட்டின் கறி. தமிழ்நாட்டிலோ, 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாத நிலையை அடைந்த அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்த மாட்டை மட்டுமே உரிய சான்றிதழுடன் அறுக்க முடியும். 1976ஆம் ஆண்டின் அரசாணை பசுவையும் கிடாரியையும் அறுப்பதற்கு முற்றிலும் தடை விதித்தது. எனவே இங்குக் கிடைக்கும் கறி பெரிதும் முதிர்ந்த காளையினுடையதாகவோ எருமையினுடையதாகவோ இருக்கிறது. வண்டியும் ஏரும் இழுத்த தசையில், ஜவ்வு என்று கடைக்காரர்கள் சொல்லும் இணைப்புத் திசு மிகுதியாக இருப்பதோடு, அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் வயதுக்கேற்ப இறுகியும் விடுகிறது. நீண்ட நேரம் ஈரமான வெப்பத்தில் இருந்தால் மட்டுமே அந்தக் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறி, கறியை மிருதுவாக்கிக் குழம்புக்கும் வழவழப்பான திண்மையைத் தரும். உருளைக்கிழங்குக்கோ கால் மணி நேரம் போதுமானது. இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால், கறி வேகும் முன் கிழங்கு கரைந்துவிடும் அல்லது கிழங்கின் பதத்தில் இறக்கிய கறி ரப்பராக எஞ்சும். இவ்வுணவின் நுட்பம் முழுவதும் இவ்விரு நேரங்களையும் பிரித்துக் கையாள்வதில்தான் அடங்கியிருக்கிறது. மசாலாவின் அளவில் நேரும் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் நாக்கு, வேகாத கறியைப் பொறுப்பதில்லை.

நான்கு பேருக்கு அரைக் கிலோ கறி போதும். விலை மிகுந்த தொடைக்கறியைக் காட்டிலும் சப்பையோ கெண்டைக்கால் சதையோ இதற்கு ஏற்றது. அவற்றிலுள்ள ஜவ்வே பின்னர் சுவையாக மாறுகிறது. தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்காக, ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக வெட்டச் சொல்லி வாங்குவது நல்லது. பிரஷர் குக்கரில் சிறிது எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய்த்தூளும் சோம்புத்தூளும் தலா ஒரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, தக்காளி இரண்டு ஆகியவற்றோடு கறியையும் உப்பையும் சேர்த்துப் பிரட்டி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி மூட வேண்டும். விசிலை எண்ணும் வழக்கம் இங்கே நம்பத்தக்கதன்று. தீயின் அளவு, குக்கரின் கொள்ளளவு, உள்ளிருக்கும் நீர் ஆகியவற்றுக்கேற்ப அதே ஐந்து விசில் பத்து நிமிடத்திலும் வரக்கூடும், இருபத்தைந்து நிமிடத்திலும் வரக்கூடும். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்த்து 30 நிமிடம் விடுவதே சீரான பலனைத் தருகிறது. குக்கருக்குள் அழுத்தத்தால் வெப்பநிலை 120 பாகை செல்சியஸை நெருங்குவதால்தான், திறந்த சட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் வேலை இவ்வளவு விரைவில் முடிகிறது. வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றிவிடாமல், அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருப்பதும் இன்றியமையாதது. அழுத்தம் திடீரென்று குறைந்தால் உள்ளே நீர் கொந்தளித்து, தசைக்குள் இருக்கும் சாறும் ஆவியாகி, வெந்த கறி மீண்டும் வறண்டுபோகும்.

கிழங்கின் விஷயத்தில் பலர் அறியாத ஒரு தடை, புளிப்பு. கிழங்கின் உயிரணுக்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை; ஆதலால் தக்காளியும் தயிரும் புளியும் உள்ள குழம்பில் பச்சைக் கிழங்கைப் போட்டால், எவ்வளவு கொதித்தாலும் நடுவில் ஒரு நறுக்கென்ற பகுதி மிஞ்சுகிறது. இதற்குத் தீர்வு கிழங்கைத் தனியே முக்கால் பதம் வேகவைப்பதுதான். நானூறு கிராம் கிழங்கைத் தோல் நீக்கி ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் ஆறு ஏழு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கொதிநீரில் போடுவதைவிடக் குளிர்ந்த நீரிலிருந்து தொடங்குவதால் வெளிப்புறம் குழையாமல் உள்ளும் புறமும் ஒருசேர வேகின்றன. நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாகச் சமவெளிக்கு வரும் மலைக் கிழங்கு, மாவுத்தன்மையும் மண்வாசமும் உடையதாகையால் இதற்கு மிகவும் பொருந்தும். கிழங்கில் ஏறிய பச்சை நிறம் சொலனைன் என்னும் நஞ்சு கூடியிருப்பதன் அறிகுறியாதலால் அத்தகைய கிழங்கைத் தயக்கமின்றி ஒதுக்கிவிட வேண்டும்.

இனித் தம் போடும் நிலை. அடிகனமான சட்டியில் வெந்த கறியைப் பரப்பி, குழம்பு கறிக்கு மேலே எழாமல் மட்டமாக நிற்குமாறு பார்த்துக்கொண்டு, மிகுதியாக இருந்தால் வற்றவைத்து, மல்லித்தழை தூவிக் கிழங்கு வில்லைகளை ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்க வேண்டும். ஓவனில் மேல்பரப்பு தானாகச் சிவக்கும், எரிவாயு அடுப்பிலோ அது நிகழாது. ஆகவே மேலடுக்குக்கான வில்லைகளை மட்டும் தோசைக்கல்லில் ஒருபுறம் முறுகச் சிவக்கவிட்டு, சிவந்த பக்கம் மேலே இருக்குமாறு அடுக்குவது எளிய உபாயம். குழம்பின்மேல் மிதக்கும் மாட்டுக் கொழுப்பை ஒரு கரண்டி எடுத்து அதற்கு எண்ணெயாகப் பயன்படுத்தினால் சுவை இருமடங்காகும். பின்னர் அதே தோசைக்கல்லின்மேல் சட்டியை ஏற்றி, இறுக மூடி, மூடியின்மேல் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து, சிறுதீயில் 15 நிமிடம் விட வேண்டும். அரை மூடித் தேங்காயின் முதற்பாலைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓரமாக ஊற்றுவது போதும், ஏனெனில் முதற்பால் நெடுநேரம் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். இறக்கியபின் பத்து நிமிடம் திறக்காமல் ஆறவிட்டால், கிழங்கிலிருந்து கசிந்த மாவுச்சத்து குழம்பை இறுக்கி, கரண்டியில் அடுக்கு குலையாமல் எடுக்க உதவுகிறது.

இவ்வளவையும் ஒரே மாலையில் செய்வது கடினம் என்பது உண்மை. அதைச் செய்யவும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ கறி வாங்கும்போதே இரு வேளைக்கு உரியதைக் குக்கரில் வேகவைத்துப் பிரித்து வைப்பதே வேலை மிகுந்த இல்லங்களுக்கு உகந்த முறை. வெந்த கறியை அகலமான பாத்திரங்களில் பரப்பி இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தால் மூன்று நாள்கள் வரை நன்றாக இருக்கும், உறைநிலையில் வாரக்கணக்கில் தாங்கும். கிழங்கை மட்டும் அவ்வாறு உறையவைக்கக் கூடாது, உருகும்போது நீர் விட்டு மணல் போலாகிவிடும். இம்முறையில் வார நாள் இரவில் எஞ்சும் வேலை கிழங்கு அரிவதும் அடுக்குவதும் தம் போடுவதுமே. முக்கால் மணி நேரத்தில் உணவு ஆயத்தமாகிவிடும். ஹஜ்ஜுப் பெருநாளில், ஏழு பேர் வரை பங்கு சேர்ந்து கொடுக்கும் மாட்டுக் குர்பானியின் கறி வீட்டுக்கு வந்து சேரும் நாள்களில், இந்த முன்னேற்பாடு இன்னும் பெரிய உதவியாகிறது.

ஆனால் குளிர்பெட்டியை மட்டுமே நம்பியிருப்பது கடலோரத்தில் ஓரளவு ஆபத்தானது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு, கோட்டைப்பட்டினம் உள்ள புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. கறியைக் கீற்றுகளாக அரிந்து உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் உலர்த்தும் உப்புக்கண்டம் இத்தகைய நெருக்கடிக்கு முந்தைய தலைமுறைகள் கண்ட வழியாகும். அதை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு இம்முறைப்படியே குக்கரில் ஏற்றலாம்; உப்பை மட்டும் கிழங்கு வெந்து சேர்ந்தபின் சுவைத்துப் பார்த்துத் தேவையானால் சேர்க்க வேண்டும்.

பரிமாறும்போது இடியாப்பமும் வெள்ளைச் சோறும் இதற்கு இணங்கும், கடைப் பரோட்டாவும் பொருந்தும். கிழங்கே வயிற்றை நிறைப்பதால் சோற்றின் அளவைக் குறைத்து, வெங்காயமும் வெள்ளரியும் எலுமிச்சையும் கலந்த பச்சடியை உடன் வைப்பது கொழுப்பின் கனத்தைத் தணிக்கும். மறுநாள் காலைக்கு மிஞ்சியதைக் கிளறாமல், ஓரமாகச் சிறிது நீர் தெளித்து, தோசைக்கல்லின்மேல் அதே சட்டியில் மூடிச் சூடாக்கினால் வில்லைகள் உடையாமல் மீளும்.