எதிரே வருபவருக்கும் சேர்த்து ஒரு லைட்

அன்புள்ள தம்பிக்கு,

எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பழைய ஹைலக்ஸ் கெப் ஒன்று உன் கராஜுக்கு வந்திருப்பதாகவும், அதற்குப் புரொஜெக்டர் ஹெட்லைட் போட்டுத் தரும்படி சாரதி கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். எந்தப் புரொஜெக்டர் வாங்குவது, எத்தனை வாட், எச்.ஐ.டி.யா எல்.ஈ.டி.யா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். புரொஜெக்டருக்குப் பிறகு வருகிறேன். நீ கேட்காத ஒன்றை முதலில் பேசவேண்டும். அந்தக் கெப்புக்கு எதிரே யார் யார் வருவார்கள்?

கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் மலைகளில் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு லயத்தை விட்டு இறங்குகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் மாலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு லொறிகள் ஸ்டோருக்குப் போவதும் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். அதே பாதையில் டியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், திருவிழா பார்த்துவிட்டுக் கைக்குழந்தையோடு திரும்பும் குடும்பங்கள் இருக்கின்றன, ஒற்றை லைட்டோடு வரும் த்ரீவீல் இருக்கிறது. தோட்டத்துப் பாதைக்கு நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். கண் கூசிய நொடியில் கால் வைப்பது றோட்டிலா கானிலா என்பது நடப்பவருக்கே தெரியாது. சாரதி உனக்குக் காசு கொடுப்பவர். இவர்கள் யாரும் உன் கராஜுக்கு வரப்போவதில்லை. ஆனால் நீ செய்யும் வேலை இரவுக்கு இரவு இவர்கள் கண்ணில்தான் விழுகிறது.

சாரதி கேட்பதும் நியாயம்தான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் முப்பது வருடப் பழைய கெப்புகளும் ஓய்வு பெறாமல் மலை ஏறிக்கொண்டிருந்தன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. அந்த மழையில், கறுத்த ஈரத் தாரில், மங்கிய லைட்டோடு கொழுந்து ஏற்றிப் போகிறவருடைய பயம் உண்மையான பயம். அதைத் தீர்க்கத்தான் வேண்டும். எப்படித் தீர்ப்பது என்பதில்தான் உன் தொழில் இருக்கிறது.

முதல் வேலை மீட்டரை எடுப்பது. எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, பெட்டரியில் எத்தனை வோல்ட் என்று பார். பிறகு ஹெட்லைட்டின் பின்னால், பல்பின் சொக்கட்டிலேயே பார். பெட்டரியில் 13.8 இருந்து பல்பில் 11.8 இருந்தால், போனது இரண்டு வோல்ட்தான் என்று நினைத்துவிடாதே. ஹெலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட மிக வேகமாக இறங்கும், ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்குக்கு. அந்த இரண்டு வோல்ட்டோடு வெளிச்சத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு போய்விடும். அந்த வோல்டேஜ் நீண்ட வயரிலும், தேய்ந்த சுவிட்ச் முனைகளிலும், துருப்பிடித்த எர்த்திலும் சூடாக வீணாகிறது. பெட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், பெட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், டிம்முக்கு ஒன்றும் ஹை பீமுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே, பொடிக்குச் சுரண்டிப் பிடித்த புது எர்த். இவ்வளவும் செய்துவிட்டு, டிம்முக்கும் ஹை பீமுக்குமான இரண்டு இழைகளும் ஒன்றாக உள்ள புதிய எச்4 பல்பு ஒரு சோடி போட்டுப் பார். பல வண்டிகளில் சாரதி தேடிவந்த வெளிச்சம் அங்கேயே கிடைத்துவிடும். கூலி குறையும், அது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த வேலையைச் செய்யாமல் புரொஜெக்டர் போடுவது எனக்குச் சம்மதமில்லை. இழை இல்லாமல் வாயுவில் எரியும் எச்.ஐ.டி. போட்டாலும், பற்றவைக்கும்போது அதற்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் பெலஸ்ட் கூடுதல் கரண்டை இழுக்கும், பழைய வயர் அதைத் தாங்காது.

இதில் ஒரு இடத்தில் கவனம். பழைய டொயோட்டா பலவற்றில் பல்புக்குப் பிளஸ் பொதுவாகப் போகும். டிம்மா ஹை பீமா என்பதைச் சுவிட்ச் மைனஸ் பக்கத்தில்தான் தெரிவு செய்யும். கடையில் வாங்கும் ரிலே வயரிங் செட்டுகள் எல்லாம் இதற்கென்று செய்தவை அல்ல. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் செருகாதே.

இனி பலர் செய்யும் குறுக்கு வழி. பழைய லைட்டுக்குள்ளேயே எல்.ஈ.டி. பல்பையோ எச்.ஐ.டி. பல்பையோ சொருகிவிடுவது. இதைச் செய்யாதே தம்பி. எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார். டிம்முக்குரிய இழையின் அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழே போகும் வெளிச்சத்தை அது மறைப்பதால் பிரதிபலிப்பானின் மேல்பாதி மட்டும் வேலை செய்து ஒளியைக் கீழே றோட்டுக்கு அனுப்புகிறது. அந்தக் கிண்ணமும் இழை நிற்கும் இடமும் மில்லிமீற்றர் கணக்கில் பொருந்தினால்தான் எதிரே வருபவர் கண் தப்பும். வேறு வடிவத்தில், வேறு இடத்திலிருந்து ஒளி புறப்பட்டால் பிரதிபலிப்பான் அதை நாலாபக்கமும் எறியும். நல்ல எச்4இன் டிம் சுமார் 1,000 லூமன், டி2எஸ் என்ற எச்.ஐ.டி. பல்பு சுமார் 3,200. மூன்று மடங்கு வெளிச்சத்தைக் கட்டுப்பாடில்லாத லைட்டுக்குள் ஊற்றினால் எதிரே வருபவருக்கு என்ன நடக்கும் என்பதை நீயே யோசி.

ஒளியைக் கட்டுப்படுத்துவதில்தான் புரொஜெக்டரின் பலம். 1986இல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார்களில் அது அறிமுகமானது, எச்.ஐ.டி. 1991இல் அதே வரிசையில் வந்தது. நீள்வட்டப் பிரதிபலிப்பானின் ஒரு குவியத்தில் பல்பு, மற்றக் குவியத்துக்கு அருகே ஒரு தகடு, அதற்கு முன்னால் தடித்த கண்ணாடி வில்லை. வில்லை காட்சியைத் தலைகீழாக்கும். ஆகவே தகடு கீழே மறைத்தது றோட்டில் மேலே இருட்டாக விழும். சுவரில் நீ பார்க்கும் அந்தக் கோடு, கத்தியால் வெட்டியதுபோல் மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக நிற்கும் கோடு, தகட்டின் விளிம்புதான். நீ விற்கப்போவது அந்தக் கோட்டை. கோடு சரியில்லாத புரொஜெக்டர் எத்தனை லூமன் தந்தாலும் வேண்டாம்.

உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் முதலில் பார்க்கவேண்டியது இது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். கோடு வலதுபக்கம் தாழ்ந்து தட்டையாக இருந்து, இடதுபக்கம் மேலேற வேண்டும். அப்போதுதான் எதிரே வருபவர் கண் தப்பி, இடது ஓரத்தில் நடப்பவர் தெரிவார். வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த புரொஜெக்டரைப் போட்டால் அந்த ஏற்றம் நேராக எதிரே வருபவர் முகத்துக்குப் போகும். லைட்டை எத்தனை பதித்தாலும் அது தீராது, பதித்தால் உன் றோட்டு வெளிச்சமும் போய்விடும். ஜப்பானும் இடதுபக்கம் ஓட்டுகிற நாடு, ஆகவே அந்த நாட்டுக் கார்களிலிருந்து கழற்றி வரும் கொய்ட்டோ, ஸ்ரான்லி புரொஜெக்டர்களின் கோடு நமக்குப் பொருந்தும். சீனப் புதுச் செட்டு வாங்கினால் வலதுபக்க ஸ்டியரிங் வண்டிக்கு என்று சொல்லிக் கேள். கடையிலேயே பெட்டரி வைத்துச் சுவரில் அடித்துப் பார்த்த பிறகு காசைக் கொடு. ஐரோப்பிய விதிப்படி செய்த லைட்டு என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. இடதுபக்க நாட்டுக்கான லைட்டுக்கு எதிரே நின்று பார்த்தால் கண்ணாடியில் உன் வலதுகைப் பக்கம் காட்டும் அம்பு ஒன்று இருக்கும்.

அடுத்தது வெளிக் கண்ணாடி. பழைய கெப்பின் லைட்டுக் கண்ணாடியில் வரிவரியாகக் கோடுகள் வார்த்திருப்பார்கள். பழைய பிரதிபலிப்பானுக்கு ஒளியைப் பரப்பிக் கொடுக்கும் பொறுப்பு அந்தக் கோடுகளுக்கு. அதன் பின்னால் புரொஜெக்டரைப் பொருத்தினால் நீ காசு கொடுத்து வாங்கிய கூர்மையான கோட்டை அவையே சிதறடித்துவிடும். வெறும் தெளிவான கண்ணாடி உள்ள லைட்டுக் கூடுதான் வேண்டும். சின்னப் புரொஜெக்டர்களின் திருகுத் தண்டு எச்4 துளை வழியாகவே பின்னால் வந்து நட்டில் இறுகும், கூட்டை வெட்டத் தேவையில்லை. நட்டை முழுக்க இறுக்குமுன் சுவரில் கோட்டைப் பார்த்து, கிடைமட்டமாக நிற்கும்வரை புரொஜெக்டரைச் சுழற்று. கொஞ்சம் சரிந்தாலும் ஒரு பக்கம் கண்ணைக் குத்தும், மறுபக்கம் இருட்டாகும்.

வெளிக் கண்ணாடியைத் திரும்ப ஒட்டும்போது சிலிக்கோனில் கவனம் வேண்டும். புளிப்பு வாசனை அடிக்கும் சாதாரண சிலிக்கோன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும், அது பிரதிபலிப்பானின் பளபளப்பான அலுமினியப் பூச்சைத் தின்னும். பியூட்டைல் ஒட்டுத்தான் நல்லது. காற்றுப்போக்கி ஓட்டையை அடைத்துவிடாதே, இரத்தினபுரி மழையில் உள்ளே ஈரம் தங்கினால் ஒரு மாரிக்குள் எல்லாம் பாழ். எச்.ஐ.டி. என்றால் பற்றவைக்கும்போது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் பாயும், ஆகவே பெட்டரியைக் கழற்றாமல் அதைத் தொடாதே. நிறம் 4300 கெல்வினில் நிற்கட்டும். நீலம் கலந்த 8000 கெல்வின் பல்பு பார்க்கத்தான் பகட்டு. வெளிச்சம் குறைவு, எதிரே வருபவரின் கண் கூச்சமோ அதிகம்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்புவது, சுவரும் சுமையும். சமதரையில் ஒரு வெள்ளைச் சுவருக்கு 10 மீற்றர் தூரத்தில் கெப்பை நிறுத்து. லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து அதைச் சுவரில் கோடாக இழு. டிம்மின் விளிம்பு அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே நிற்கவேண்டும். லைட்டு 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் அந்த ஒளி 80 மீற்றர் தூரத்தில் தரையைத் தொடும். இதுவரை எல்லாரும் செய்வார்கள். பெரும்பாலும் வெறும் வண்டியில் செய்வார்கள். அங்கேதான் பிழை. உன்னிடம் வந்திருப்பது கொழுந்தும் உரமும் ஆட்களும் ஏற்றும் தோட்டத்துக் கெப். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.85 மீற்றர் என்றால், சுமையில் பின்பக்கம் 5 சென்ரிமீற்றர் தாழ்ந்ததும் வண்டியின் மூக்கு ஒரு பாகை உயரும். ஒரு பாகை 50 மீற்றர் தூரத்தில் 87 சென்ரிமீற்றர். 30 சென்ரிமீற்றர் உயரத்தில் போகவேண்டிய விளிம்பு அங்கே 117 சென்ரிமீற்றருக்கு ஏறிவிடும். எதிரே வரும் காரோட்டியின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான். பழைய மங்கிய லைட்டில் இந்தத் தவறு மன்னிக்கப்பட்டது. புரொஜெக்டரில் கோட்டுக்குக் கீழே உள்ள முழு வெளிச்சமும் அப்படியே அவர் கண்ணுக்குள் போகும். ஆகவே வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியை வரச்சொல்லி இன்னொரு முறை சுவரைப் பார். முடிந்தால் ஜப்பான் கார்களில் வரும் லெவலிங் மோட்டரையும் டேஷ்போர்டில் திருகும் சுவிட்சையும் சேர்த்துப் பொருத்து. சுமை ஏற்றும்போது சாரதி அதைத் திருகித் தாழ்த்தட்டும். வேலை கொஞ்சம் கூடும். அந்தக் கெப்பில் நீ செய்யும் மிகச் சிறந்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

மலைப்பாதையில் புரொஜெக்டருக்கு ஒரு குறை உண்டு, அதையும் சாரதிக்கு முதலிலேயே சொல்லிவிடு. கித்துல்கலவுக்கு மேலே அந்த முடக்குகளில் இறங்கும்போது கூர்மையான கோடு வண்டிக்கு முன்னே சட்டென்று முடிந்துவிடும். பழைய லைட்டில் மேலே சிதறிய மங்கல் வெளிச்சத்தில் மேட்டில் நிற்கிற ஆளும், றோட்டுக்கு மேல் சாய்ந்த கிளையும் ஓரளவு தெரியும். புரொஜெக்டரில் தெரியாது. அதனால் நடுவில் பளிச்சென்று குவியும் ஒன்றைவிட, இரு ஓரமும் அகலப் பரவும் புரொஜெக்டரை எடு. வண்டிக்கு முன் பத்து மீற்றரில் பளீரென்று அடிப்பதை வெளிச்சம் என்று சாரதிகள் நம்புகிறார்கள். கண் அந்தப் பளபளப்புக்குச் சுருங்கி, தூரத்தில் இருப்பதை இழந்துவிடும். மழையில் அந்த வெளிச்சம் ஈரத் தாரில் பட்டுத் தெறித்து எதிரே வருபவருக்கே போகும்.

சட்டப் பக்கமும் நினைவில் இருக்கட்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தோடு பஸ்களிலும் த்ரீவீல்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் சோதித்ததை நீ பார்த்திருப்பாய். அது ஒருபுறம் இருக்கட்டும், பொலிஸ் நிறுத்தாத தோட்டத்துப் பாதையில்தான் உன் கோடு சரியாக நிற்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வேலை முடிந்த இரவு சாரதியைக் கெப்பில் உட்காரவைக்காதே. லைட்டைப் போட்டுவிட்டு அவரை 50 மீற்றர் முன்னே அழைத்துப் போ. ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல், பிறகு றோட்டு ஓரத்தில் நடந்து வரச் சொல். அவர் கண் கூசினால் நீ இன்னும் வேலையை முடிக்கவில்லை. கூசாவிட்டால் அவரே அடுத்த வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்வார்.

பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறுமுன் எனக்கு எழுது: பெட்டரியிலும் பல்பிலும் அளந்த வோல்டேஜ், லைட்டின் உயரம், முழுச் சுமையில் பின்பக்கம் எத்தனை சென்ரிமீற்றர் தாழ்கிறது, பிளஸ் பொதுவா மைனஸ் பொதுவா. அதைப் பார்த்துவிட்டு ரிலே வயரிங் படத்தை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்