பில் போடும் மென்பொருள்: எது நகல், எது உரிமை?

பக்கத்துக் கடைக்காரர் விலை கொடுத்து வாங்கிய பில் மென்பொருளை நகல் எடுத்துப் பயன்படுத்தும் வணிகர்கள் நம்மிடையே உண்டு. "நான் அதை விற்கவில்லையே" என்பது அவர்கள் வாதம். சட்டம் அதை ஏற்பதில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 63பி பிரிவைச் சேர்த்தது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்துக்கோ வியாபாரத்துக்கோ அல்லாமல் பயன்படுத்தியவரை நீதிமன்றம் சிறையின்றி விடலாம். கல்லாவில் பில் போட்டவர் அந்தச் சலுகையைக் கேட்க வழியில்லை.

முறையாக வாங்கியவர், மூலப்பிரதி கெட்டால் உதவுவதற்காகக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை அடுத்த கடைக்குக் கொடுக்கத்தான் இடமில்லை. நாம் விற்கும் சீயக்காய்த் தூளுக்குப் போலி வந்தால் சும்மா இருப்போமா? காசு கொடுத்து வாங்கிய கடைக்காரருக்கும் அதே வயிற்றெரிச்சல்தான்.

செலவு தாங்காதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றை நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்க உரிமமே அனுமதிக்கிறது. சிறு கடையின் பற்று வரவுக்கு அது போதும். விலைக்கு வாங்குவோர், பாக்கிப் பட்டியலைப் பின்னர் வேறு மென்பொருளுக்கு மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, உரிமத் தாளையும் ரசீதையும் கணக்குப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.