குளிர்சாதனம்: வேண்டிய இடத்திற்கு வேண்டிய அளவு

குளிர்சாதனம் செல்வர் வீட்டுப் பொருள் என்றிருந்த நிலை மாறிவிட்டது. கடன் பெற்றேனும் ஒன்றை வாங்கி மாட்டிவிட வேண்டுமென எண்ணும் அங்கத்தினர் இன்று பலர். வாங்குவது தவறன்று. ஆனால் யந்திரத்தின் இயல்பை அறியாது வாங்கினால், கடன் தவணை ஒருபுறமும் மின்கட்டணம் மறுபுறமுமாகக் குடும்பத்தை நெருக்கும். நெசவாளர் வீட்டிலோ தொழிலுக்கே இடையூறு நேரக்கூடும். ஆகவே இம்மாதப் பாடமாக இப்பொருளை எடுத்துக்கொள்வோம்.

யந்திரம் செய்யும் வேலை

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை; அறையிலுள்ள உஷ்ணத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. உட்புறக் குழாய்ச் சுருளில் ஓடும் திரவம் அறையின் உஷ்ணத்தை உறிஞ்சி ஆவியாகிறது. வெளியிலுள்ள கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்த, அது உஷ்ணத்தை வெளிக்காற்றில் விட்டு மீண்டும் திரவமாகிறது. இடையே மற்றொரு காரியமும் நடைபெறுகிறது. அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருளின்மேல் நீராகப் படிந்து, குழாய் வழியே வெளியில் சொட்டுகிறது. அதாவது யந்திரம் காற்றைக் குளிர்விப்பதோடு உலரவும் செய்கிறது.

ஆலையில் வழங்கிய பெயர்

1902இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகர அச்சகம் ஒன்றிற்காக வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் ஒரு யந்திர அமைப்பை வகுத்தார். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்ததே அங்கிருந்த குறை. ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை 1906இல் வழங்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் வட கரோலினாவின் நூற்பாலைகளில் பணி செய்த பொறியாளர். நூலுக்கு ஏற்றவாறு காற்றில் ஈரத்தைச் சேர்ப்பதே அவர் நோக்கம்.

பருத்தி நூல் ஈரத்தில் வலுப்பெறும். வறண்ட காற்றில் அடிக்கடி அறும். குழித்தறியில் தரையின் ஈரப்பசை பாவுக்குத் துணை நிற்பதை நெசவாளர் அறிவர். தறியும் படுக்கையும் ஒரே கூடத்திலிருக்க, அங்கே குளிர்சாதனத்தை மாட்டினால் உடலுக்குச் சுகம் கிட்டலாம்; ஆனால் இழை அறுந்து அறுந்து கூலி குறையும்.

பகுதிவாரி முறை

அமெரிக்காவில் பல வீடுகளில் ஒரே யந்திரம் காற்றுக்குழாய்கள் மூலம் எல்லா அறைகளையும் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறைக்கும் செலவாவதைத் தடுக்க வீட்டைப் பகுதிகளாகப் பிரித்து, குழாயின் ஒவ்வொரு கிளையிலும் திறந்து மூடும் தடுப்பையும், பகுதிதோறும் உஷ்ணமறியும் கருவியையும் வைக்கின்றனர். குளிர் நாடுகளில் வெந்நீர்க் குழாய்களுக்கு வால்வு வைத்து அறைகளைச் சூடாக்குவதும் இம்முறையே. நம் வீடுகளில் அறைக்கொரு யந்திரம் மாட்டுவதால் பகுதிப் பிரிவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. கதவைத் திறந்து வைத்து அப்பயனை நாம்தான் இழக்கிறோம்.

விவசாயிகளுக்கும் இது பொருந்தும். விதை உருளைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரியில் வைக்கலாம். வாழைக்காயோ 13 டிகிரிக்குக் கீழே கறுத்துக் கெடும். இரண்டிற்கும் ஒரே குளிர் அறை உதவாது.

செலவுக் கணக்கு

1 டன் என்பது யந்திரத்தின் எடையன்று. சுமார் 900 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் உஷ்ணத்தை வெளியேற்றும் திறன் அது. ஓர் யந்திரம் மணிக்கு சராசரி 1 யூனிட் செலவழிப்பதாகக் கொள்வோம். இரவில் 8 மணி நேரம் வீதம் 60 நாட்களுக்கு 480 யூனிட். இரு அறைகளுக்கு 960. யூனிட் கூடக் கூட விகிதமும் உயர்வதால், கட்டணம் இரட்டிப்போடு நில்லாது.

வாங்குமுன் செய்யத்தக்கவை

1. குடும்பத்தார் சேர்ந்து உறங்கும் ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுக்கவும். தறி வேறு அறையில் இருக்கட்டும்.

2. மொட்டைமாடிக்கு வெள்ளையடித்து, கதவு ஜன்னல் இடுக்குகளை முதலில் அடைக்கவும். சிறிய யந்திரமே போதுமானதாகலாம்.

3. நட்சத்திரச் சின்னத்தைப் பார்த்து வாங்கவும். அச்சின்னம் பெறும் அறைச் சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைய வேண்டுமென்பது 2020 ஜனவரி முதல் விதி. அதற்குக் கீழே இறக்க இறக்கச் செலவு ஏறும்.

4. வடிகட்டியை இரு வாரத்திற்கொருமுறை கழுவவும். சாதாரணச் சாதனம் வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கவும்.

கடன் மனுவில் கையொப்பமிடுமுன், தவணையுடன் கோடைக்கால மின்கட்டணத்தையும் கூட்டி, வரும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கத்தினரின் கடமை.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. வறண்ட காற்றால் பாவுக்கு நேரும் தீங்கு யாது?
2. உங்கள் வீட்டில் குளிர்ச்சி உண்மையிலேயே வேண்டிய அறை எது? எத்தனை மணி நேரம்?
3. மேற்கண்ட கணக்கை 6 மணி நேரத்திற்குப் போட்டுப் பார்க்கவும்.