வேகமா, பிடிப்பா?

கேள்வி: முட்டுக்காடு, கோவளம் பக்கம் ஓட்டப் பழைய ஸ்பீடு போட் பார்க்கிறேன். மெர்குரூசர் பிராவோ ஒன் டிரைவ் நல்லதா, பிராவோ த்ரீயா?
- வாசகர், கோவிலம்பாக்கம்

பதில்: வேகம்தான் குறி என்றால் பிராவோ ஒன். ஒரே புரொப்பல்லர், தண்ணீரில் இழுவை குறைவு. பிராவோ த்ரீயில் இரண்டு புரொப்பல்லர்கள் எதிரெதிராகச் சுழலும். கிளம்பும்போது பிடிப்பு அதிகம். ஜெட்டியில் அணைக்கும்போது படகு ஒரு பக்கமாக இழுக்காது. வால்வோ பென்டா 1982இல் கொண்டுவந்த டியோபுரோப்பும் இதே ஏற்பாடுதான். குடும்பத்தோடு போவதற்கு பிராவோ த்ரீயே சரி.

எதை வாங்கினாலும், வாங்குமுன் டிரைவில் உள்ள ரப்பர் பெல்லோஸின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் தண்ணீர் புகுந்து பேரிங் போய்விடும். உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும். ஓட்டிய பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள், அரிப்பைத் தான் ஏற்றுக் கரையும் அனோடு பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். இந்தப் பராமரிப்பெல்லாம் தோதுப்படாது என்றால் அவுட்போர்டே மேல்: மீனவர் குப்பங்களில் அதற்கு மெக்கானிக் கிடைப்பார்.