பின் சேர்க்கும் பொழுதுபோக்கு

கேள்வி: டிஸ்னி பூங்காவுக்குப் போகவிருக்கும் என் மகள், அங்கே உடையில் குத்தும் அலங்காரப் பின்களைச் சேகரித்து மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறாள். எப்படித் தொடங்குவது?

பதில்: புளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், புத்தாயிரமாண்டுக் கொண்டாட்டத்தையொட்டி 1999 அக்டோபரில் ஆரம்பமான இந்தப் பண்டமாற்று வினோதம், இன்று மற்ற டிஸ்னி பூங்காக்களிலும் பிரசித்தம். கழுத்து நாடாவில் வரிசையாகப் பின்களைக் குத்திக்கொண்டு நிற்கும் ஊழியரை அணுகி, நம்மிடமுள்ளதைக் கொடுத்து, அவரிடமுள்ளவற்றில் மனத்துக்கிசைந்ததைப் பெற்றுக்கொள்ளலாம். ஓர் ஊழியரிடம் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் மாற்றலாகாது என்பது அங்குள்ள சம்பிரதாயம். அவருடைய நாடாவைத் தொடாமல் சுட்டிக் காட்டுவதும், நம் பின்னை அதன் பின்மூடியோடு கையில் கொடுப்பதும் மரியாதை.

குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வெளியிடப்படும் விலையுயர்ந்த பின்களை ஆரம்பத்திலேயே வாங்குவது, என் அபிப்பிராயத்தில், அநாவசியம். சாதாரணத் தொகுதி ஒன்றே போதும். ஆனால் இணையத்தில் கொள்ளை மலிவாக மொத்தமாய் விற்பவற்றில் போலிகள் மலிந்திருக்கும்: ஓரம் சொரசொரக்கும், வர்ணம் பள்ளத்தை நிரப்பாமல் குழிந்திருக்கும், பின்புற முத்திரை மங்கலாயிருக்கும். ஊழியர் வழியாகவே புழக்கத்துக்கு வரும் சில பின்களின் முகப்பில் மிக்கியின் தலை வடிவம் கடுகளவாக ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடச் சொல்லுங்கள், குழந்தைக்குப் பொழுது போவதே தெரியாது.