கேசட்டுக்கு எதற்கு 192?

கேள்வி: அப்பா எங்கள் ஊரில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். மாரியம்மன் பண்டிகையில் விடிய விடிய நடந்த தெருக்கூத்துகளைக் கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் சிப் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் சரி என்கிறார் சேலம் கடைக்காரர். விலை மலைக்க வைக்கிறது. லேப்டாப்பின் மைக் துளையில் சொருகினால் ஆகாதா?
— வாசகர் ஒருவர், ராசிபுரம்

பதில்: ஆகாது. மைக் துளை மில்லிவோல்ட் கணக்கில் வரும் சிக்னலுக்கானது. கேசட் டெக்கின் லைன் அவுட் அதைப்போலப் பல மடங்கு. குரல் கரகரவென்று உடையும். லைன் இன்புட் உள்ள சாதாரண யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். 192-ஐ மறந்துவிடுங்கள்.

அந்தச் சிப்பின் வேலை, ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்குவது. பழைய முறை, ஜவ்வரிசி மூட்டைக்குப் பெரிய எடைக்கல்லில் தொடங்கி சின்னக் கல்வரை வைத்துப் பார்ப்பது போன்றது. இன்றைய ஆடியோ சிப்களில் பெரும்பாலானவை டெல்டா-சிக்மா வகை. 1962-இல் ஜப்பானின் இனோசே, யசுதா குழுவினர் வெளியிட்ட யோசனை இது. இதன் எளிய வடிவில் கையில் ஒரே கல்தான். அதை நொடிக்கு 28,22,400 தடவை வைத்து எடுத்து, சராசரியில் எடை கண்டுபிடிக்கிறது! இவ்வளவு முரட்டு அளவையில் பிழை வராதா? வரும். அந்த இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, டிஜிட்டல் ஃபில்டரால் வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது நொடிக்கு 44,100 சுத்தமான எண்கள்.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நொடிக்கு அதன் இரட்டிப்புக்குச் சற்று மேலான தடவை அளந்தால் போதும். சாதாரண கேசட்டோ 15,000-ஐத் தாண்டவே திணறும். 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். 192 வைத்தால் ஹார்ட் டிஸ்க்தான் நிரம்பும்.

பிட் கதையும் அப்படித்தான். சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். 24 பிட்டுக்கு 144 என்பது காகிதக் கணக்கு. உயர் ரகமான சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்5381 சிப்பே 120 டெசிபல்தான். மலிவான பிசிஎம்1808 தருவது 99. உங்கள் கேசட்டில் சத்தத்துக்கும் 'உஸ்' இரைச்சலுக்கும் இடைவெளி 50, 55 இருந்தால் அதிகம். ஆனாலும் 24 பிட்டிலேயே பதியுங்கள். அளவைத் தாழ்த்தி வைக்க இடம் கிடைக்கும். கட்டியங்காரன் கத்தும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சிப்பின் உச்சவரம்பில் தலை வெட்டுப்பட்ட ஒலியை எந்த சாஃப்ட்வேரும் முழுசாக மீட்காது.

பணத்தை டெக்கில் போடுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பக்கத்திலுள்ள சின்ன ஸ்குரூவைத் தாளச் சத்தம் பளிச்சென்று கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தாலும் உச்ச சுரங்கள் மழுங்கிவிடும். அப்பா பதிந்த அதே டெக் வீட்டில் இருந்தால் ஸ்குரூவைத் தொடாதீர்கள்; பதிந்த சாய்மானம் அதில்தான் இருக்கிறது. பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.